யாருமே எழுதாத பரீட்சையில் எல்லோரும் பாஸ்!

கம்ப்யூட்டர் புரோகிராம்களைச் சோதிக்கும் இடத்தில் நடக்கும் வேடிக்கையும் அதன் அபாயமும்

ஒரு பள்ளிக்கூடம். பரீட்சை முடிவு வந்தது. "பெயிலானவர்கள்: ஒருவரும் இல்லை" என்று வாசலில் நோட்டீசு ஒட்டினார்கள். பெற்றோருக்கு ஒரே மகிழ்ச்சி.

அப்போது ஒருவர் அதே நோட்டீசில் மேலே இருந்த வரியைப் படித்தார். "பரீட்சை எழுதியவர்கள்: ஒருவரும் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது!

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி நடக்காது என்பீர்கள். உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் உலகில் இது நடக்கிறது.

"ஜாவா" என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதும் இடங்களில், நூற்றுக்கணக்கான சோதனைகளை எழுதி வைத்திருப்பார்கள். சில சமயம் அவற்றில் ஒன்றுகூட ஓடாது. ஆனாலும் திரையின் அடியில் "பில்டு சக்சஸ்" என்று வந்து நிற்கும். வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

இது கம்ப்யூட்டர்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாங்கிக் கணக்கு, டிக்கெட் பதிவு, கடை பில் என்று நம்முடைய எத்தனையோ காரியங்கள் இன்று புரோகிராம்களால் நடக்கின்றன. அவற்றில் ஏராளமானவை ஜாவாவில் எழுதப்பட்டவை. சென்னை ராஜீவ் காந்தி சாலைக் கம்பெனிகளில் இரவு கண் விழிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் அன்றாட வேலை. "பில்டு உடைந்துவிட்டது, வரத் தாமதமாகும்" என்று மகள் போனில் சொன்னால், உடைந்தது எது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?

டெஸ்ட் என்றால் என்ன?

வட்டி கணக்கிடும் புரோகிராம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 1,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம். ஓர் ஆண்டு கழித்து 80 ரூபாய் வட்டி வரவேண்டும். இது நமக்கே தெரியும்.

புரோகிராம் எழுதியவர் இதற்குத் துணையாக இன்னொரு சின்னப் புரோகிராமையும் எழுதுவார். அது பெரிய புரோகிராமிடம் 1,000 ரூபாய் என்ற கணக்கைக் கொடுக்கும். "வட்டி எவ்வளவு?" என்று கேட்கும். 80 என்று பதில் வந்தால் பச்சை. 79 என்றோ, 800 என்றோ வந்தால் சிவப்பு. இந்தச் சின்னப் புரோகிராமுக்குத்தான் "டெஸ்ட்" என்று பெயர்.

ஒரு டெஸ்ட் போதாது. கணக்கில் பணமே இல்லாவிட்டால் என்ன வரும்? பாதி ஆண்டில் பணத்தை எடுத்தால் என்ன வரும்? லீப் வருடத்தில் என்ன வரும்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டெஸ்ட் வேண்டும். இப்படியே ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும்.

இவற்றை மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால் நாள் கணக்கில் ஆகும். கம்ப்யூட்டரே பார்த்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே, புரோகிராமில் யார் எதை மாற்றினாலும், அத்தனை டெஸ்டுகளையும் மறுபடி ஓடவிடுவது வழக்கம். புதிதாக ஒன்றைச் சேர்க்கப்போய் பழைய கணக்கு எதையும் கெடுத்துவிடவில்லை என்று அப்போதுதான் உறுதியாகும்.

விமானத்தில் பிறந்த கருவி

ஜாவா மொழியை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி 1995-ம் ஆண்டில் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் காஸ்லிங். 2010-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியை ஆரக்கிள் கம்பெனி வாங்கிவிட்டது. ஆனால் ஜாவா மட்டும் அன்றிலிருந்து இன்று வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஜாவா டெஸ்டுகளுக்கென்று ஒரு கருவி பிறந்த கதை சுவையானது. 1997-ம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்கு ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. கென்ட் பெக், எரிக் காமா என்ற இரண்டு நிபுணர்கள் அதில் பயணம் செய்தார்கள். நீண்ட பயணம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, போகிற வழியிலேயே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் "ஜேயூனிட்".

டெஸ்ட் எப்படி எழுதவேண்டும், சரியா தவறா என்று எப்படித் தீர்மானிக்கவேண்டும் என்பதற்கு ஜேயூனிட் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தது. ஜாவா எழுதுகிறவர்கள் உலகெங்கும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மேஸ்திரி வந்தார்

டெஸ்ட் எழுதிவிட்டால் மட்டும் போதாது. அதை ஓட்டுவதற்கு ஆள் வேண்டும்.

வீடு கட்டும்போது கொத்தனார், தச்சர், வர்ணம் பூசுகிறவர் எல்லோரையும் வரிசைப்படி வேலை வாங்குவதற்கு ஒரு மேஸ்திரி இருக்கிறார் அல்லவா? புரோகிராம் கட்டுவதற்கும் அப்படி மேஸ்திரிகள் உண்டு. "பில்டு டூல்" என்று அவற்றைச் சொல்வார்கள்.

2000-ம் ஆண்டில் "ஆன்ட்" வந்தது. எறும்பு என்று அதற்குப் பொருள். 2004-ம் ஆண்டில் "மேவன்" முதல் பதிப்பு வந்தது. விஷயம் தெரிந்தவர் என்று பொருள்படும் யூதர்களின் இத்திஷ் மொழிச் சொல் அது. பிறகு "கிரேடில்" வந்தது. அதன் முதல் முழுப் பதிப்பு 2012-ம் ஆண்டில் வெளியாயிற்று. ஆண்ட்ராய்டு போன்களில் நாம் பயன்படுத்தும் செயலிகள் பல, கிரேடில் மூலம் கட்டப்பட்டவைதான்.

இந்த மேஸ்திரி என்ன செய்கிறார்? முதலில், மனிதர் எழுதிய ஜாவாவைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றுகிறார். அடுத்து, டெஸ்டுகளை ஓட்டுகிறார். அதற்கும் பிறகுதான் புரோகிராமை மூட்டை கட்டி அனுப்புகிறார். ஒரு டெஸ்ட் சிவப்பானாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவார். "பில்டு உடைந்தது" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மேவனில் டெஸ்டுகளை ஓட்டும் பொறுப்பு "ஷூர்பயர்" என்ற துணைக் கருவிக்கு. பரீட்சை நடத்தும் அதிகாரி என்று அதை வைத்துக்கொள்ளலாம்.

பில்டு உடைந்தால் அது நல்லதுதான். தவறு வாசலிலேயே பிடிபட்டுவிட்டது. ஆனால் பரீட்சை அதிகாரி பிள்ளைகளைக் கூப்பிடவே மறந்துவிட்டால்? பெயில் இல்லை. சிவப்பு இல்லை. மேஸ்திரி மூட்டையைக் கட்டிவிடுவார். வம்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

பெயரில் வந்த வினை

பரீட்சை அதிகாரி ஷூர்பயருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் பெயரைப் பார்த்துத்தான் ஆளை அழைப்பார்.

பைலின் பெயர் "டெஸ்ட்" என்று தொடங்கவேண்டும். அல்லது "டெஸ்ட்", "டெஸ்ட்ஸ்", "டெஸ்ட்கேஸ்" என்ற மூன்றில் ஒன்றில் முடியவேண்டும். நாம் வேறு உத்தரவு கொடுக்காதவரை, இன்றைய பதிப்புகளில் இந்த நான்கு தினுசுப் பெயர்கள்தான் அவர் கண்ணில் படும்.

"வட்டி டெஸ்ட்" என்று பைலுக்குப் பெயர் வைத்தால் ஓடும். "வட்டி செக்" என்று வைத்தால் ஓடாது. உள்ளே எழுதியிருப்பது அச்சாக ஒன்றாகவே இருந்தாலும் ஓடாது! "வட்டி செக்" பைலை அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அதைப் பற்றிப் புகாரும் சொல்லமாட்டார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு டெஸ்டை மட்டும் பெயர் சொல்லி ஓட்டும்படி மேவனுக்குக் கட்டளை கொடுக்கலாம். அப்படிக் கூப்பிடும்போது மேலே சொன்ன பெயர் விதியை அதிகாரி பார்ப்பதில்லை. ஆகவே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடுகிறது, மொத்தமாகக் கூப்பிட்டால் ஓடவில்லை என்றால், கோளாறு பெயரில்தான் என்று முடிவு கட்டிவிடலாம்.

கிரேடில் மேஸ்திரியின் வழக்கம் வேறு. அவர் பெயரைப் பார்ப்பதில்லை. பைலுக்கு உள்ளே புகுந்து, டெஸ்ட் என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். ஆகவே ஒரு மேஸ்திரியிடமிருந்து இன்னொரு மேஸ்திரியிடம் மாறுகிற கம்பெனிகள், ஓடிக்கொண்டிருந்த டெஸ்டுகள் எல்லாம் இன்னும் ஓடுகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

பெயர் ஒன்று, ஊர் வேறு

இன்னொரு கோளாறு 2017-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது.

அந்த மாதம் ஜேயூனிட் ஐந்தாம் பதிப்பு வெளியாயிற்று. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியதுபோல, அடிப்படையிலிருந்தே மாற்றி எழுதியிருந்தார்கள். புரோகிராமர்கள் ஆசையோடு புதிய முறையில் டெஸ்டுகளை எழுதினார்கள்.

ஆனால் பரீட்சை அதிகாரிக்குப் பழைய பிள்ளைகளை மட்டுமே தெரியும்! புதியவர்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். "எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. பரீட்சை முடிந்தது" என்று எழுந்து போய்விட்டார். ஓடிய டெஸ்டுகள்: பூஜ்யம். பில்டு: வெற்றி!

2018-ம் ஆண்டில் இதற்குத் தீர்வு வந்தது. அந்த ஆண்டு வந்த ஷூர்பயர் 2.22.0 பதிப்பு, புதிய டெஸ்டுகளைத் தானாகவே அறிந்துகொண்டது. கிரேடிலின் 4.6 பதிப்பும் அதே ஆண்டில் அந்தத் திறமையைப் பெற்றது.

அத்துடன் தொல்லை தீர்ந்ததா? இல்லை. ஷூர்பயரில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், மேவன் தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளும். மேவன் 3.8 பதிப்பு வரையில், அப்படித் தானாக எடுத்துக்கொண்டது 2.12.4 என்ற பதிப்பு. அது 2012-ம் ஆண்டுச் சரக்கு! ஐந்தாண்டுகள் கழித்துப் பிறந்த ஜேயூனிட் ஐந்தை அது எப்படி அறியும்? 2023-ம் ஆண்டில் வந்த மேவன் 3.9 தான் இதை மாற்றியது. ஆகவே, பழைய மேவன் உள்ள இடங்களில் ஷூர்பயரின் பதிப்பு எண்ணைத் தெளிவாக எழுதி வைப்பது அவசியம்.

கிரேடிலில் வேறு விதம். புதிய டெஸ்டுகளை ஓட்டுவதற்கு "யூஸ் ஜேயூனிட் பிளாட்பார்ம்" என்ற ஒரு வரியை எழுதவேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால், மேஸ்திரி பழைய முத்திரையையே தேடுவார். கிடைக்காது. ஒன்பதாம் பதிப்பு வருவதற்கு முன்பெல்லாம், பேசாமல் வெற்றி என்று எழுதிவிடுவார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பழைய டெஸ்டின் முத்திரையும் "டெஸ்ட்" என்ற சொல்தான். புதிய டெஸ்டின் முத்திரையும் அதே சொல்தான். அது எந்தத் தொகுப்பிலிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். முத்துசாமி என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவர் மதுரைக்காரர், இன்னொருவர் சேலத்துக்காரர். மதுரை முத்துசாமிக்கு எழுதிய கடிதம் சேலத்து முத்துசாமிக்குப் போனால் எப்படி? புரோகிராமின் உச்சியில் உள்ள ஒரே வரியில் இந்த ஊர்ப் பெயர் இருக்கும். அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஒரே புரோகிராமில் பழைய டெஸ்டுகளும் புதிய டெஸ்டுகளும் கலந்திருந்தால் அபாயம் இன்னும் அதிகம். உதாரணமாக, பழைய டெஸ்ட் 300, புதிய டெஸ்ட் 100 என்று வைத்துக்கொள்வோம். பழையவற்றை ஓட்டுவதற்கு "வின்டேஜ்" என்ற துணை என்ஜினைச் சேர்க்க மறந்துவிட்டால், புதிய 100 மட்டும் ஓடும். பூஜ்யம் என்று வந்தாலாவது யாராவது திடுக்கிடுவார்கள். 100 என்று வந்தால் சந்தேகமே தோன்றாது. 300 டெஸ்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

"என் மேசையில் ஓடியதே!"

இந்த இடத்தில் புரோகிராமர் ஒருவர் குறுக்கிடலாம். "என் கம்ப்யூட்டரில் டெஸ்ட் ஓடியது. நான் கண்ணால் பார்த்தேன்" என்பார்.

அவர் சொல்வது பொய்யல்ல. புரோகிராம் எழுதுவதற்கென்றே எக்லிப்ஸ், இன்டெல்லிஜே போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. டெஸ்டுகளை ஓட்டும் வசதி அவற்றிலேயே உண்டு. அங்கே பெயர் விதி கிடையாது. பழைய பரீட்சை அதிகாரியும் அங்கே இல்லை. ஆகவே மேசையில் பச்சை எரியும்.

ஆனால் புரோகிராமைக் கட்டி வெளியே அனுப்புவது அந்த மேசை அல்ல. கம்பெனியின் சர்வரில் உள்ள மேவனோ கிரேடிலோதான் அதைச் செய்கிறது. வீட்டில் ஒப்பித்த பாடத்துக்கு மார்க்கு இல்லை. பரீட்சை மண்டபத்தில் எழுதியதற்குத்தான் மார்க்கு. எனவே, சந்தேகம் வந்தால் மேசையில் பார்க்காமல், சர்வர் ஓட்டும் அதே கட்டளையை ஓட்டிப் பார்க்கவேண்டும்.

வேறு சில காரணங்களும் உண்டு. டெஸ்டுகள் இருக்கவேண்டிய போல்டர் இன்னது என்று மேவனும் கிரேடிலும் வகுத்திருக்கின்றன. வேறு போல்டரில் போட்டால் அவை கண்ணில் படா.

அதைவிடப் பொல்லாதது, "டெஸ்ட் வேண்டாம்" என்ற கட்டளை. அவசரமான ஓர் இரவில் யாராவது அதைப் போட்டிருப்பார்கள். மேவனில் இது இரண்டு தினுசு. ஒன்று, டெஸ்டைத் தயாராக வைத்துக்கொண்டு ஓட்டாமல் விடுவது. மற்றொன்று, டெஸ்டை அடியோடு ஒதுக்கிவிடுவது. அன்றைய அவசரம் தீர்ந்துவிடும். போட்ட கட்டளையை எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும்!

கிரேடிலில் மட்டும் ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளவேண்டும். எதுவுமே மாறவில்லை என்றால், கிரேடில் டெஸ்டுகளை மறுபடி ஓட்டாது. "அப் டு டேட்" என்று குறித்துவிட்டு மேலே போய்விடும். நேற்று பாஸான பிள்ளைக்கு இன்று ஏன் மறுபடி பரீட்சை என்ற நியாயம்தான் அது. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கட்டாயம் ஓடியே தீரவேண்டும் என்றால், எல்லாவற்றையும் மறுபடி செய் என்று சொல்லத் தனிக் கட்டளை இருக்கிறது.

கூச்சல் போட்டால் நல்லது

மேவன் சில சமயம் பயங்கரமாகக் கூச்சல் போடும். அதைக் கண்டு புதியவர்கள் நடுங்குவார்கள். உண்மையில் கூச்சல் போடும் கோளாறு நமக்கு நண்பன்.

டெஸ்டுகளை ஓட்டுவதற்கு ஷூர்பயர் தனியாக இன்னொரு ஜாவாவைக் கிளப்பும். அந்த ஜாவா திடீரென்று செத்துவிட்டால், அது ஒழுங்காக விடைபெறாமல் போய்விட்டது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். விருந்துக்கு வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனதுபோல! காரணம் என்ன? டெஸ்டுக்குள் யாரோ "மொத்தத்தையும் மூடு" என்ற கட்டளையை எழுதியிருக்கலாம். அல்லது நினைவகம் போதாமல் இயந்திரமே அதை நிறுத்தியிருக்கலாம். ஷூர்பயர் ரிப்போர்ட்டுகள் உள்ள போல்டரில் தேடினால் துப்பு கிடைக்கும்.

2018-ம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. உலகெங்கும் பலருடைய பில்டுகள் ஏககாலத்தில் உடைந்தன. புரோகிராமில் அவர்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிறகு எது மாறியது? டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களில் ஜாவா எட்டாம் பதிப்புக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. எந்த பைல் எங்கே இருக்கிறது என்று ஷூர்பயர் எழுதிக் கொடுக்கும் முறையை, திருத்திய ஜாவா ஏற்க மறுத்துவிட்டது. அதனால் ஷூர்பயர் தன்னுடைய தொடக்கப் பகுதியையே கண்டுபிடிக்க முடியாமல் தவித்தது. ஒரு வரி மாற்றத்தால் தற்காலிகமாகச் சமாளித்தார்கள். பிறகு வந்த ஷூர்பயர் பதிப்பு இதைச் சரிசெய்தது.

பலருக்குத் தலைவலிதான். ஆனால் கோளாறு தானே கூவி அறிவித்ததால், உடனே தெரிந்தது, தீர்வும் கிடைத்தது. கூவாத கோளாறுதான் ஆளை விழுங்கும்.

நடத்தாத சோதனைக்குக் கொடுத்த விலை

நடத்தாத சோதனை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். இது ஜாவா புரோகிராம் அல்ல; "அடா" என்ற வேறு மொழியில் எழுதியது. ஆனால் பாடம் ஒன்றுதான்.

1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் "ஏரியன் 5" ராக்கெட் முதல் தடவையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் அது திசை மாறி, வானத்திலேயே வெடித்துச் சிதறியது. அதில் இருந்த நான்கு செயற்கைக்கோள்களும் நாசமாயின.

ராக்கெட்டின் போக்கைக் கணிக்கும் கருவியில் இருந்த புரோகிராம், முந்தைய "ஏரியன் 4" ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அங்கே அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 32,767 வரை மட்டுமே கொள்ளும் இடத்தில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணிக்கப்போய் கருவி நின்றுவிட்டது. மாற்றாக வைத்திருந்த கருவியிலும் அதே புரோகிராம்தான் இருந்தது. அதுவும் நின்றுவிட்டது.

விசாரணைக் குழு என்ன கண்டுபிடித்தது தெரியுமா? ஏரியன் 5 போகப்போகும் உண்மையான பாதையின் கணக்கைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்கவே இல்லை! சோதித்திருந்தால் தரையிலேயே தவறு தெரிந்திருக்கும். பழைய ராக்கெட்டில் சரியாக ஓடியது என்ற நம்பிக்கை, நடத்தாத ஒரு சோதனையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அங்கே சோதனையை நடத்தவில்லை என்பதாவது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். டெஸ்டை எழுதிவிட்டு, அது ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது.

என்ன செய்யவேண்டும்?

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் கடைப்பிடிக்க வேண்டிய சில எளிய வழிகள்:

முதலில், நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். எத்தனை டெஸ்ட் ஓடியது என்று மேவன் எழுதிக் காட்டும். கிரேடில் தன் ரிப்போர்ட்டில் அதைக் குறித்து வைக்கும். நேற்று 412 என்று இருந்தது இன்று 37 என்று வந்தால், பச்சை எரிந்தாலும் நம்பக் கூடாது.

இரண்டாவது, வேண்டுமென்றே ஒரு பொய் டெஸ்ட் எழுதுங்கள். ஒன்றும் ஒன்றும் மூன்று என்று அதில் சொல்லுங்கள். பில்டு உடைந்தால் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். உடையாவிட்டால் காவல்காரர் தூங்குகிறார். புதிய புரோகிராம் தொடங்கும்போதும், பதிப்பு எதையாவது மாற்றும்போதும் இதைச் செய்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்த்த பிறகு அந்தப் பொய்யை அழித்துவிட மறக்காதீர்கள்!

மூன்றாவது, வரிசையாகத் தேடுங்கள். பைல் சரியான போல்டரில் இருக்கிறதா? பெயர் விதிப்படி இருக்கிறதா? முத்திரை எந்த ஊரைச் சேர்ந்தது, பழையதா புதியதா? ஷூர்பயர் எந்தப் பதிப்பு? "டெஸ்ட் வேண்டாம்" என்ற கட்டளை எங்காவது ஒளிந்திருக்கிறதா? மேவனிடம் கேட்டால், எல்லா இடங்களிலிருந்தும் வந்த உத்தரவுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே பட்டியலாகக் காட்டும். கிரேடிலிடம் கூடுதல் விவரம் கேட்டால் என்ன நடந்தது என்று சொல்லும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால், எது மருந்து என்று கடைசி வரை தெரியாது.

நான்காவது, பூஜ்யத்தைப் பெயிலாக்குங்கள். ஒரு டெஸ்டும் ஓடாவிட்டால் பில்டை உடைத்துவிடு என்று ஷூர்பயருக்கு உத்தரவு போடலாம். நாம் போடாவிட்டால் அது பூஜ்யத்தைப் பொறுத்துக்கொள்ளும். கிரேடில் இந்த விஷயத்தில் மனம் மாறிவிட்டது. 2025-ம் ஆண்டு ஜூலையில் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து, டெஸ்ட் பைல்கள் இருந்தும் ஒரு டெஸ்டையும் காணோம் என்றால், தானாகவே பில்டை உடைத்துவிடும். நல்ல மாற்றம்!

ஆனால் எந்தக் கருவியும் ஓர் அளவு வரைதான் உதவும். 400 ஓடவேண்டிய இடத்தில் 100 ஓடினால், எவ்வளவு ஓடவேண்டும் என்று தெரிந்த மனிதர்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் மகனோ மகளோ "டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று சொல்லிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால், "எத்தனை டெஸ்ட் ஓடியது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். சட்டென்று எண்ணைச் சொல்லிவிட்டால் இன்னொரு தோசை போடுங்கள். விழித்தால், சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.